செல்பேசி எண்ணையும் முகவரியையும் பொதுவில் போட்டுவிட்டால்: டாக்ஸிங்குக்குச் சட்டத்தில் என்ன வழி?

2004 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் போலீஸில் புகார் கொடுத்தார். யாஹூ குழு ஒன்றில் அவரைப் பற்றி யாரோ ஆபாசமாக எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தார்கள். போலீஸ் தேடிப்போய் மும்பையில் ஒருவரைப் பிடித்தது. குடும்பத்துக்கு ஏற்கெனவே பழக்கமானவர், அந்தப் பெண்ணைத் திருமணம் செய்ய விரும்பியவர். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

அந்த வழக்கில் எதற்காகத் தண்டனை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபாசமாக எழுதியது ஒன்று. நற்பெயரைக் கெடுக்கப் போலியாக எழுதியது இன்னொன்று. பெண்ணின் மானத்துக்கு இழுக்கு செய்தது மூன்றாவது. முன்பின் தெரியாத ஆண்கள் அவரைத் தேடிவர வழி செய்து கொடுத்தது, அவர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அந்தச் செயல், தனிக் குற்றமாக எங்கும் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தியச் சட்டத்தில் இன்றும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஒருவருடைய வீட்டு முகவரி, செல்பேசி எண், வேலை செய்யும் இடம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வண்டி எண் போன்ற விவரங்களை அவர் சம்மதமில்லாமல், அவரைத் தொல்லைக்கு ஆளாக்கும் எண்ணத்தோடு பொதுவில் போடுவதைத்தான் டாக்ஸிங் என்கிறோம். போடுகிறவர் பெரும்பாலும் மிரட்டக்கூட மாட்டார். "இதுதான் இவங்க வீடு, பார்த்துக்கோங்க" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மிரட்டுவதும், வாசலில் வந்து நிற்பதும், வேலை செய்யும் இடத்துக்குப் போன் போடுவதும் மற்றவர்கள் வேலை. தீ வைத்தவர் ஒருவர், எண்ணெய் ஊற்றுகிறவர்கள் நூறு பேர். யார் மேல் புகார் கொடுப்பது என்று பாதிக்கப்பட்டவர் திகைத்து நிற்பது இதனால்தான்.

"உண்மையைத்தானே போட்டிருக்கார்?"

காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா, ஆபாசமாக ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இதில் என்ன குற்றம்? கேட்கிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் சட்டங்கள் ஒரு வார்த்தையைப் பார்க்கும்போது அது பொய்யா, ஆபாசமா, மிரட்டலா என்றுதான் பார்க்கின்றன. சரியான கதவு எண்ணும் சரியான செல்பேசி எண்ணும் இந்த மூன்றில் எதிலும் சேராது. ஆனால் டாக்ஸிங்கில் தகவல் எவ்வளவு சரியானதோ அவ்வளவு ஆபத்து.

அதனால்தான் அவதூறு வழக்கு இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. கோபத்தில் பலர் முதலில் கேட்பது அதைத்தான்: "மானநஷ்ட வழக்கு போடலாமா?" சிவில் அவதூறு வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் எதிர்த்தரப்பு தப்பித்துவிடும். குற்றவியல் அவதூறு இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. அதற்கும் ஒருவருடைய நற்பெயருக்குக் கெடுதல் வர வேண்டும். முகவரியைச் சொன்னதால் யாருடைய பெயரும் கெடுவதில்லை. உயிருக்கும் நிம்மதிக்கும்தான் ஆபத்து. முகவரியோடு சேர்த்துப் பொய்க் கதையும் கட்டியிருந்தால் அவதூறைத் துணைக் குற்றச்சாட்டாக வைக்கலாம், அவ்வளவுதான்.

சரியான அடித்தளம் அந்தரங்க உரிமை. அதற்கு உச்ச நீதிமன்றம் வலுவான அடிக்கல் நாட்டிய வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போனது. ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முன்வந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி என்றே பேசப்படுகிறது. அது சரிதான். ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு ஆகியவை பற்றி அவர் சம்மதமில்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. வெளியிடுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா விமர்சனமா என்பது பொருட்டில்லை. மீறினால் நஷ்டஈடு கேட்கலாம். பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்று விலக்கு கொடுத்த நீதிமன்றம், பாலியல் தாக்குதலுக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் அதை வெளியிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அரசு ஊழியர் தன் பதவியில் செய்யும் வேலையை விமர்சிக்க மட்டும் அந்தரங்க உரிமை தடையாக வராது.

உண்மையை வெளியிட்டாலும் தவறாகலாம். டாக்ஸிங்குக்கு ஆளானவருக்கு வேண்டிய வாசகம் இதுதான், அது முப்பது ஆண்டாக நம் சட்டத்தில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், பேச்சுரிமையையும் உயிர் வாழும் உரிமையையும் அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனிநபருக்கு எதிராகவும் கோரலாம் என்று அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மேலும், முகம் காட்டாத ஒரு கணக்கு மேலும் அந்தரங்க உரிமையை முன்வைத்து வாதாட இது வழி திறக்கிறது.

புகாரில் என்ன எழுதுவது

குற்றவியல் சட்டத்தில் ஒரே பிரிவு கைகொடுக்காதபோது, நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. தகவலை எப்படி எடுத்தார்கள், யார் போட்டார்கள், கூடவே என்ன எழுதினார்கள், அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு கிடைக்கும். மொத்தமாக "என் நம்பரைப் போட்டுவிட்டார்கள்" என்று எழுதினால் புகார் அங்கேயே நின்றுவிடும்.

கணக்கை ஹேக் செய்தோ போனிலிருந்து திருடியோ எடுத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் வரும். நீங்கள் நம்பிக் கொடுத்த நிறுவனத்தில் வேலை செய்கிறவர் ஒப்பந்தத்தை மீறி வெளியே விட்டிருந்தால் 72ஏ. உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு திறந்து அதில் எண்ணைப் போட்டிருந்தால் 66சி, 66டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்தரங்க உறுப்பு தெரியும் படம் என்றால் 66இ. ஆபாசம் கலந்திருந்தால் 67, பாலியல் செயல் என்றால் 67ஏ.

படம் சாதாரணமானது, ஆனால் போட்ட இடம் அசிங்கமானது என்றால்? 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு நல்ல பதில் கொடுத்தது. ஒரு பெண் தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் போட்டிருந்த சாதாரணப் படங்களை யாரோ எடுத்து ஆபாசத் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். படம் ஆபாசமில்லை என்று ஒதுக்காமல், சம்மதமில்லாமல் எடுத்து அப்படிப்பட்ட தளத்தில் போட்டதே அதைக் குற்றமாக்குகிறது என்றது நீதிமன்றம். ஒரு தகவலைத் தனியாகப் பார்க்காமல், எந்த இடத்தில் எந்த நோக்கத்தோடு வைக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்லும் தீர்ப்பு இது. டாக்ஸிங் புகார் எழுதுகிறவர்கள் இதை மேற்கோள் காட்டலாம்.

அடுத்தது, எண்ணைப் பார்த்துவிட்டுத் தொல்லை கொடுப்பவர்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது, அவர் இணையத்தில் செய்வதைக் கண்காணிப்பது ஆகியவை நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. முதல் முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. 79-வது பிரிவு, மானத்துக்கு இழுக்கு செய்யும் எண்ணத்தோடு ஒரு பெண்ணின் அந்தரங்கத்தில் தலையிடுவதைக் குற்றமாக்குகிறது. பெண்ணின் எண்ணை ஆபாசக் குறிப்போடு போட்டவர் மேல் நேரடியாகப் பாயக்கூடிய பிரிவு அது. மிரட்டல் வந்தால் 351. கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை போகும்; பெயரை மறைத்து மிரட்டினால் அதற்காகக் கூடுதலாக 2 ஆண்டு வரை தரலாம். போட்டவர் மற்றவர்களைத் தூண்டும் விதமாக ஒரு வரி எழுதியிருந்தால், "நேர்ல போய் கேளுங்க" என்பது போல, அது குற்றத்துக்கு உடந்தை. அந்த வரியை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரில் சேர்க்க வேண்டும். தீ வைத்தவரையும் எண்ணெய் ஊற்றியவரையும் ஒரே வழக்கில் கட்டுவது அந்த ஒரு வரிதான்.

இந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மறைந்திருந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் தடுக்கும் 77, மேலே சொன்ன 78, 79 மூன்றும் பெண்களைக் காக்கும் பிரிவுகள். டாக்ஸிங்குக்கு ஆளான ஆணுக்கும், பல சமயம் திருநங்கைக்கும் திருநம்பிக்கும், தொல்லை கொடுப்பவர்கள் மேல் பாய மிரட்டல் பிரிவைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. மிரட்டல் இன்னும் வரவில்லை, முகவரி மட்டும் வெளியே போயிருக்கிறது என்றால் போலீஸ் வழக்கே பதியாமல் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆள் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்கச் சொல்வது கொடுமை. அதற்கு முன்பே செயல்படத்தானே சட்டம் வேண்டும்?

ஆதார் எண்ணுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு அதைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது. 2017-ல் தோனியின் ஆதார் விவரங்கள் அடங்கிய படம் ட்விட்டரில் வெளியானபோது அவர் மனைவி நேரடியாக மத்திய அமைச்சரிடம் முறையிட்டார். தோனிக்கு ஆதார் பதிவு செய்து கொடுத்த மையத்தை ஆதார் ஆணையம் 10 ஆண்டுக்குத் தடை செய்தது. அமைச்சரை டேக் செய்து பதில் வாங்க முடியாத கோடிக்கணக்கானவர்களுக்கும் அதே பிரிவுதான், ஆனால் வேகம் அப்படி இருப்பதில்லை.

முதலில் இறக்க வேண்டும்

வழக்கு நடக்க ஆண்டுகள் ஆகும். பாதிக்கப்பட்டவருக்கு முதல் நாளில் வேண்டியது அந்தப் பதிவு கீழே இறங்குவதுதான். இதற்கு 2021-ல் வந்த ஐடி விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

விதி 3(2)(பி)-யின்படி, அந்தரங்க உறுப்பு அல்லது பாலியல் செயல் தெரியும் படம், மார்ஃபிங் செய்த படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லின. பின்னால் வந்த திருத்தங்கள் கெடுக்களைக் குறைத்தனவே தவிர நீட்டவில்லை. முகவரியும் செல்பேசி எண்ணும் இந்த வேகமான வரிசையில் வராது. அவை விதி 3(1)(பி)-யில், பிறர் அந்தரங்கத்தில் தலையிடும் உள்ளடக்கம் என்ற தலைப்பில் வரும். அதற்கு 2022 திருத்தம் 72 மணி நேரக் கெடு வைத்தது. எனவே புகாரில் எழுதும் சொல் முக்கியம். போலிக் கணக்கு என்றால் ஆள்மாறாட்டம் என்றே எழுதுங்கள். முகவரி என்றால் அந்தரங்க மீறல் என்று விதி எண்ணோடு எழுதுங்கள். தளத்தில் இருக்கும் ரிப்போர்ட் பட்டனை அழுத்துவதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவுக்கென ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து அவர் தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். அவருக்கு எழுதியதற்குப் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். வக்கீல் தேவையில்லை.

தளங்களின் சொந்த விதிகளும் உதவும். ஏற்கெனவே வேறெங்கோ பொதுவில் இருக்கும் வீட்டு முகவரியைப் பகிரலாம் என்று மெட்டா முன்பு விலக்கு வைத்திருந்தது. அதன் மேற்பார்வைக் குழு எதிர்த்துச் சொன்ன பிறகு 2022-ல் அதை எடுத்துவிட்டது. அதே ஆண்டு கூகுளும் முகவரி, போன் எண், மின்னஞ்சல் ஆகியவை தேடலில் வராமல் நீக்கக் கோரும் வசதியை விரிவாக்கியது. "வாக்காளர் பட்டியலிலேயே இருக்கே, நான் போட்டா என்ன" என்ற வாதத்துக்கு இவையே பதில். பட்டியலில் ஆயிரம் பேரில் ஒருவராக இருப்பதும், கோபத்தில் கொதிக்கும் கூட்டத்தின் நடுவே ஒரு பெயரோடு அந்த முகவரியைக் கொண்டுபோய் வைப்பதும் வேறு வேறு.

தளம் அசையவில்லை என்றால் நீதிமன்றம்தான். 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, தளங்கள் சட்டப்படி கட்டாயம் நீக்க வேண்டிய நிலை நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால்தான் என்றும் சொன்னது. பேச்சுரிமைக்கு அது நல்ல தீர்ப்பு. பாதிக்கப்பட்டவருக்கு அதன் பொருள், உறுதியான வழி நீதிமன்ற ஆணைதான் என்பது. எதிரி யார் என்றே தெரியாவிட்டாலும் சிவில் வழக்கு போடலாம். வெளிநாட்டில் ஜான் டோ என்று எழுதுவதை இங்கே அசோக் குமார் என்று எழுதுகிறார்கள். பெயர் தெரியாத எதிரிக்கு வக்கீல்கள் வைத்த பெயர் அது. இடைக்காலத் தடையாணை, பதிவை நீக்க உத்தரவு, அந்தக் கணக்கின் பின்னால் இருப்பவரின் சந்தாதாரர் விவரத்தைத் தரச் சொல்லி உத்தரவு, மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது இதுதான். ஓர் அரசியல் தலைவரைப் பற்றி எக்ஸ் தளத்தில் கருத்துச் சொன்ன ஒரு பெண்ணின் சொந்த விவரங்களைத் தோண்டி எடுத்துச் சிலர் பரப்பினார்கள். இந்தியாவில் டாக்ஸிங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பதை நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆனாலும் அது அந்தரங்க உரிமை மீறல், சிவில் தவறாக வழக்கு நடத்தலாம் என்று எடுத்துக்கொண்டு, பதிவுகளை நீக்கவும் கணக்கு வைத்திருப்பவர்களின் விவரத்தைக் கொடுக்கவும் ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகளை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்கினாலும் வேறு தளத்தில் முளைக்கும் என்பதால் அதற்கான நிரந்தர நடைமுறை ஒன்றை வகுக்கவும் அந்த வழக்கே காரணமானது. அந்த நடைமுறை அந்தரங்கப் படங்களுக்கு மட்டும்தான். முகவரிக்கும் போன் எண்ணுக்கும் அப்படி ஒன்று இன்னும் இல்லை.

அரசே வெளியே விடும்போது

தமிழ்நாட்டில் இதைப் பற்றி எழுதுகிறவர் யாரும் 2024 டிசம்பரைத் தாண்டிப் போக முடியாது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி தைரியமாகப் புகார் கொடுத்தார். அவர் பெயர், முகவரி, போன் எண்ணோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறும்போது கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. 2016-லேயே, எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்ற வழக்குகளை ஏற்றக் கூடாது என்று விலக்கு சொல்லியிருந்தது. 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. எல்லாம் இருந்தும் வெளியே போனது.

சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, கசிவையும் விசாரிக்கச் சொன்னது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். தகவல் வெளியே போனதே தனிக் காயம், அதற்குத் தனி விலை உண்டு என்று நம் ஊர் நீதிமன்றம் ஒன்று பணமாகக் கணக்கிட்டுச் சொன்னது. அரசு அலுவலகத்திலிருந்து விவரம் கசிந்த யாரும் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றம் போய் இதை எடுத்துக்காட்டலாம்.

இது ஒற்றைச் சம்பவமும் இல்லை. தகவல் உரிமை மனு போட்ட ஒருவரின் விவரத்தை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இணையத்தில் ஏற்றியதற்காக 2020-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் 25,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணமக்களின் விவரத்தோடு அறிவிப்பு வெளியிட வேண்டும். கேரளத்தில் அந்த அறிவிப்புகளை இணையத்திலிருந்து அள்ளி, மதம் கடந்து மணம் செய்பவர்கள் என்று பட்டியல் போட்டுப் பரப்பியபோது 2020-ல் அந்த அரசு ஆன்லைனில் ஏற்றுவதை நிறுத்தியது. சாதி மறுத்து மணந்தவர்களை வெட்டிச் சாய்த்த ஊர்களில் வாழும் நமக்கு, ஒரு முகவரி வெளியே போனால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் அமைக்கச் சொன்னது. முகவரி கசிந்த தம்பதி, பதிவை நீக்கக் கோருவதற்கு முன்பே மாவட்ட எஸ்.பி.யிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்க வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்ததே, அது உதவாதா என்று கேட்பார்கள். பெரிதாக நம்ப வேண்டாம். தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒரு தனிநபர் தரவைக் கையாள்வதை அந்தச் சட்டம் தொடாது; நீங்களே பொதுவில் வைத்த தகவலையும் தொடாது. டாக்ஸிங் செய்பவர் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார். உங்கள் விவரத்தைக் கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த ஐடி சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. பாதிக்கப்பட்டவர் கையிலிருந்து ஒரு கருவியைப் பிடுங்கி, வேறு எதையும் தராமல் விட்டிருக்கிறார்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

சிங்கப்பூர் வேறு விதமாக யோசித்தது. 2014-ல் கொண்டுவந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை 2019-ல் திருத்தி, டாக்ஸிங்கைத் தனிக் குற்றமாக்கியது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தகவல் உண்மையா என்பது அங்கே கேள்வியே இல்லை. அடையாளத் தகவலை என்ன எண்ணத்தோடு வெளியிட்டார் என்பதுதான் கேள்வி. துன்புறுத்தும் எண்ணம் என்றால் 6 மாதம் வரை, வன்முறைக்கு வழி செய்தால் 12 மாதம் வரை சிறை. இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, 2021 ஜூனில் இதற்கென்றே தொடங்கிய தனி நீதிமன்றமும், சில நாளிலேயே பாதுகாப்பு ஆணை தர முனையும் அதன் நடைமுறையும். நமக்கு வேண்டியது நீண்ட தண்டனை அல்ல, இந்த வேகம்தான்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹாங்காங் 2021-ல் 5 ஆண்டு வரை சிறையோடு ஒரு டாக்ஸிங் சட்டம் கொண்டுவந்தது. 2019 போராட்டங்களில் போலீஸ்காரர்களின் விவரங்கள் பரப்பப்பட்டதுதான் அதற்கான உடனடிப் பின்னணி, அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பதையே அது முடக்கிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். இலங்கையின் 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவது குற்றம். அந்தச் சட்டம் முழுவதுமே பேச்சுரிமையை நெரிப்பதாக அங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. லஞ்சம் வாங்கிய அதிகாரியின் பெயரை எழுதுவது டாக்ஸிங் ஆகாது. வேட்பாளரின் சொத்துக் கணக்கைப் பகிர்வதும் ஆகாது. அந்த அதிகாரியின் மகள் படிக்கும் பள்ளியைப் போடுவது டாக்ஸிங். இந்தியாவில் சட்டம் எழுதும் நாள் வந்தால், 1994 தீர்ப்பு போட்ட கோட்டை, பதவியில் செய்யும் வேலை ஒரு பக்கம், குடும்பம் மறுபக்கம் என்ற அந்தக் கோட்டை, சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இன்று இரவே இது உங்களுக்கு நடந்தால்

பதிவை நீக்கச் சொல்லும் முன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயர், முழு இணைய முகவரி, தேதி, நேரம் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் என்றால் குழுவின் பெயரும் அனுப்பியவர் எண்ணும். அப்புறம், அந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின் கீழேயே 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. நல்ல வழக்குகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் தோற்கின்றன.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு ஜீரோ எஃப்ஐஆருக்கும், மின்னணு வழியில் புகார் அனுப்பவும் இடம் தருகிறது. மின்னணுப் புகாரில் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். 1930 முக்கியமாகப் பண மோசடிக்கான எண் என்பதால், டாக்ஸிங்குக்கு இணையதளமும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமுமே சரியான இடங்கள். நம் ஊரில் பல நேரம் எஃப்ஐஆருக்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது வழக்குப் பதிவு இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு, எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அதே சட்டத்தின் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போய் வழக்குப் பதிய உத்தரவு வாங்கலாம்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மனுவில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும், அந்த மனு பொது ஆவணமாகிவிடும். முதல் நாளே பெயரை மறைக்கக் கோரித் தனி மனு போடச் சொல்லுங்கள். ஆவணத்தில் எக்ஸ் என்றோ ஏபிசி என்றோ போட நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.